ஒரே கட்டத்தில் லவும் ளவும்

இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். நுண்ணோக்கியில் குனிந்தால் அணுக்களை எண்ணி முடிக்காமல் நிமிர மாட்டாள். சீட்டில் நோயாளியின் வயது பிசகியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். "அந்தம்மா கண்ணுல மண்ணைத் தூவ முடியாது. தூவினா மண்ணையும் எண்ணிடும்" என்பார் வரவேற்பு மேசைக்காரர்.

அவளுக்கென்று இருந்த ஒரே சுகம் நாளிதழின் கடைசிப் பக்கக் குறுக்கெழுத்துதான். நேரடியாகப் பொருள் கேட்கிற சாதாரணப் புதிர் அல்ல. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை ஒளித்து வைக்கும் ரகம். பதினாறு வருடமாக அதைப் போட்டுவந்தவர் 'முடிச்சு' என்ற புனைபெயர்க்காரர். "கடலின் தொடக்கத்தில் மீன் பிடிப்பது மனத்தை அரிக்கும்" என்று முதல் வாரத்திலேயே மூன்றெழுத்து விடைக்கு ஒரு குறிப்பு கொடுத்திருந்தார். கரை, படகு, தூண்டில் என்று காலையெல்லாம் அலைந்தாள். பேருந்தில் போகும்போதுதான் பளிச்சென்றது. கடலின் முதலெழுத்து க, மீன் பிடிப்பது வலை. கவலை! தனக்குத்தானே சிரித்தவளைப் பக்கத்து இருக்கைப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். முகம் தெரியாத ஒருவர் தன் காதில் மட்டும் ஏதோ ரகசியம் சொன்னது போலிருந்தது அவளுக்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு புதிரையும் வெட்டி, தேதி போட்டு, கோப்பில் சேர்த்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. "எனக்குத் தெரிஞ்ச ஒரே குறுக்கு, பாத்துட்டே இருக்கும்போது குறுக்கே வர்ற ஸ்கூட்டர்தான்" என்பார்.

பதினாறாவது வருடம் புதிர் தடுமாறத் தொடங்கியது. "அநேகக் கரங்கள் சேர்ந்த மரத்துண்டு" என்ற குறிப்பு, அதாவது பலகை, ஒரே மாதத்தில் மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை நிலைமை இன்னும் மோசம். இடமிருந்து வலம் பலகை. அதன் நடுக்கட்டத்தில் மேலிருந்து கீழாக விளக்கு வந்து வெட்டியது. பலகையின் லவும் விளக்கின் ளவும் ஒரே கட்டத்தில் முட்டிக்கொண்டன. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து பிழைகளைத் தேதியோடு எழுதி, "புதிர் போடுபவர் அகராதியைத் தொலைத்துவிட்டாரா, அல்லது வாசகர்கள் தலையில் மிளகாய் அரைக்கிறாரா?" என்று முடித்து நாளிதழுக்கு அனுப்பினாள். கீழே தன் வேலையையும் பரிசோதனை நிலையத்தின் முகவரியையும் குறிப்பிட்டிருந்தாள். கடிதம் அப்படியே அச்சானது. அடியில் ஆசிரியரின் வருத்தம் ஒரு வரி. அடுத்த திங்களன்று புதிர் வேறொருவர் பெயரில் வந்தது.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு முதிய பெண்மணி பரிசோதனை நிலையத்துக்கு வந்து நின்றார். கையில் மருந்துச்சீட்டு எதுவும் இல்லை. அந்தக் கடிதத்தின் கத்தரிப்பு மட்டும் இருந்தது.

"இதை எழுதினது நீங்கதானேம்மா?"

"ஆமாங்க."

"முடிச்சு என் வீட்டுக்காரர்."

சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தாள்.

"திட்ட வரலம்மா. அவருக்கு ஞாபகம் தப்புது. டாக்டர் எப்போ ஆரம்பிச்சதுன்னு கேட்டார். தெரிஞ்சாத்தான் எவ்வளவு வேகமாப் போகுதுன்னு கணக்குப் போட முடியுமாம். எனக்குச் சொல்லத் தெரியல. வீட்டுல அவர் எப்பவுமே ஏதோ யோசனையிலதான் இருப்பார். தேதி போட்டு எழுதியிருந்தீங்களே... பழசெல்லாம் வச்சிருக்கீங்களா?"

"பதினாறு வருஷத்துதும் இருக்கும்மா" என்றாள்.

அந்த ஞாயிறு காலை கோப்புகளைக் கூடம் முழுக்கப் பரப்பினாள். கணவர் தேதி வாசிக்க, அவள் பின்னோக்கிப் போனாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு குறிப்பில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. அப்போது தன் புத்திதான் மட்டு என்று விட்டுவிட்டாள். அதற்கு ஐந்து மாதம் கழித்து இன்னொன்று. பிறகு இரண்டு மாதத்தில் ஒன்று. பிறகு வாரத்துக்கு ஒன்று. ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோனது அவள் கண்ணெதிரே, அவள் கையெழுத்தில் தேதியோடு கிடந்தது.

"அணுவை எண்ணுறவ நான். தினமும் பார்த்திருக்கேன். கோபம்தான் வந்துது. ஒரு தடவையாவது, இவருக்கு என்னாச்சுன்னு தோணலையேங்க" என்றாள்.

கணவர் ஒரு தாளை எடுத்துத் தந்தார். "மீதியையும் பார்த்து முடி. அந்தம்மா காத்துட்டிருப்பாங்க."

பட்டியலை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். நல்ல வெளிச்சமான இரண்டாம் மாடி வீடு. மேசையில் கட்டம் போட்ட தாள்கள். முடிச்சு ஒல்லியான, கலகலப்பான மனிதர். மனைவி தடுக்கப் பார்த்தும், அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"அந்த லெட்டர் எழுதினது நான்தான் சார். மன்னிச்சிடுங்க."

"லவும் ளவும் மோதிச்சே, அதுவா? பிரமாதம்! இப்படி ஒரு ஆள் படிக்கிறாங்கன்னு தெரியாமப் போச்சே. நீங்க எந்த ஆபீஸ்ல வேலை பாக்கறீங்க?"

சொன்னாள். அரைமணியில் அதையே இன்னும் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் சொன்னாள்.

மருத்துவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, நோய் நினைத்ததைவிடப் பழையது என்றார். மருந்தை மாற்றினார், வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. நாளிதழும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. அவள் ஆசிரியருக்கு இரண்டு முறை எழுதினாள். அந்தக் கடிதங்கள் அச்சாகவில்லை.

ஞாயிறுதோறும் போய்வருவது வழக்கமானது. ஒருநாள் அவர் ஒரு துண்டுத்தாளை நீட்டினார். "மழைக்கு முன் வந்தவன் பின்வாசலில் நிற்கிறான். அஞ்செழுத்து. அவிழ்த்துட்டு வாங்க பார்ப்போம்."

வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாள். எழுத்துகளைக் கலைத்தாள், திருப்பினாள், வெட்டி ஒட்டினாள். எதுவும் பிடிபடவில்லை. அடுத்த ஞாயிறு அவர் ஆவலாகக் கேட்டார்.

"என்ன, கண்டுபிடிச்சாச்சா?"

"முடியல சார். தோத்துட்டேன்."

அவர் கைதட்டிச் சிரித்தார். விடையைச் சொல்ல வாய் திறந்தவர் அப்படியே நின்றார். முகம் மெல்ல மாறியது. "சொல்ல மாட்டேன். நீங்களே யோசிங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அது உடைந்த குறிப்பா, தன் புத்திக்கு எட்டாத குறிப்பா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.