டச்சுக் கல்லறையில் ஓர் உள்ளான்

“மார்கழி, வெள்ளி மாலை. பழவேற்காடு டச்சுக் கல்லறைக்குப் பின்னால், ஏரிப் பக்கம், மூன்று சீழ்க்கையாக ஒரு குரல். பறவை தெரியவில்லை.” அன்றைய நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்.

கல்லறைகளில் பொறித்திருந்த ஆண்டுகளை நான் குறித்துக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் கேட்டது. நான் யோசித்து முடிப்பதற்குள் என் மனைவி அனுப்பம்பட்டிலிருக்கும் தன் தம்பிக்குப் போன் போட்டு, போனை ஏரிப் பக்கம் நீட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. அவனுக்குப் பறவைப் புத்தகம் வாங்கித் தந்ததே நான்தான்.

ஸ்பீக்கரில் அவன் உடனே சொன்னான்: “உள்ளான், மாமா.”

நான் கல்லறைகளைச் சுற்றிப் பார்த்தேன். “எவன் உள்ளான்? இங்க ஒருத்தனும் இல்லியே!”

போனிலும் நேரிலும் ஒரே சிரிப்பு. “இன்னாங்க, அவன் இன்னா நியூஸா படிக்கிறான்? ஆளு இருந்தா இருக்கான்னு சொல்ல மாட்டானா? உள்ளான்னா பறவைங்க!” என்றாள் மனைவி.

“விடுக்கா, மாமா நெறைய படிச்சவரு,” என்றான் அவன்.

கரையோரச் சேற்றில் இரை தேடும் உள்ளானைப் பற்றி அவனுக்கு முன்பே படித்தவன் நான். அதுதான் பொறுக்கவில்லை.

பிறகு பல மாலைகள் தனியாகப் போனேன். அவன் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. ஒருநாள் செங்கால் உள்ளான் ஒன்று சேற்றில் மேய்ந்தது, வாயே திறக்கவில்லை. இன்னொரு நாள் சீழ்க்கை கேட்டது. பறவை கண்ணில் படவில்லை. வீட்டில் அதற்கு “தம்பியோட உள்ளான்” என்று பெயரே நிலைத்துவிட்டது. கூவியது உள்ளான்தானா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.