ரெஹானா கேட்ட இரண்டு மென்பொருள்கள்

ரெஹானா இறந்த செய்தி வந்தபோது என் கணினி அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. 'அணைத்துவிடாதீர்கள்' என்று நீலத்திரை சொல்ல, நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். போனில் அவள் கணவர் சலீம் பாய். "சுமதிம்மா, ரெஹானா போயிட்டாம்மா. காலையில குளிச்சிட்டு வந்தவ அப்பிடியே சாஞ்சிட்டா. ஹார்ட்டுன்னு சொல்றாங்க" என்றார்.

அன்று மாலையே காவேரிப்பட்டினத்தில் அடக்கம். விடுப்பு எடுக்க வேண்டுமானால் கணினி வேண்டும். அதுவோ இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மேலாளரிடம் நேரில் போய்ச் சொன்னேன். "அடடா, போயிட்டு வாங்கம்மா. ஆனா லீவ சிஸ்டத்துல போட்டுட்டுப் போயிடுங்க" என்றார். போடாமலே கிளம்பினேன். பேருந்து சூளகிரியைத் தாண்டும்வரை எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஓசூரில் வண்டிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்யும் ஆலை எங்களுடையது. அதன் தரப்பிரிவில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. வாடிக்கையாளர் அனுப்பும் புகார்களுக்கு அறிக்கை எழுதுவது வேலை. ஒரே வாக்கியங்களை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். எங்கள் பிரிவில் இருந்தவர்களுக்கு அந்தச் சலிப்பு தெரியும். ரெஹானாவுக்கு அது சலிப்போடு நிற்கவில்லை. மழையில் ஸ்கூட்டர் சறுக்கி வலது மணிக்கட்டு உடைந்து, தகடு வைத்துக் கட்டி, எலும்பு கூடிய பிறகும் விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். கோபம் வந்தால் விசைப்பலகையைத் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள்.

பிறகு எங்கிருந்தோ இலவச மென்பொருள்களைக் கண்டுபிடித்தாள். முதலாவது, ஓரிரு எழுத்தைத் தட்டினால் முழுப் பத்தியையே எழுதிவிடும். இரண்டாவது, காப்பி செய்ததையெல்லாம் நினைவில் வைத்திருந்து கேட்டதை எடுத்துக் கொடுக்கும். மூன்றாவது, பெயரில் ஒரு துண்டு ஞாபகமிருந்தால் போதும், கோப்பு எந்த மூலையில் இருந்தாலும் கொண்டுவரும். புதுப் புடவையைக் காட்டுவதுபோல அவற்றை எனக்குக் காட்டினாள். "நான் சோம்பேறி இல்ல சுமதி, என் கைதான் சோம்பேறி. அதுக்கு ஆள் போட்டிருக்கேன்" என்றாள்.

அவள் சேட்டையும் அதில் உண்டு. 'லூசு' என்று தட்டினால், 'தங்கள் மின்னஞ்சலுக்கு மிக்க நன்றி, உடனடியாகக் கவனிக்கிறோம்' என்று வரும்படி அமைத்திருந்தாள். சென்னையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் திட்டி மின்னஞ்சல் அனுப்பினால், பல்லைக் கடித்துக்கொண்டு 'லூசு' என்று அடிப்பாள். அவ்வளவு மரியாதையான பதில் எங்கள் ஆலையிலேயே யாரும் எழுதியதில்லை. பழையபடி எங்கள் எல்லோருடைய அறிக்கைகளோடும் சேர்ந்து அவளுடையவையும் முடிந்தன. மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு நேரம் கிடைத்தது.

அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: அனுமதி பெறாத மென்பொருள்கள் எல்லாவற்றையும் நீக்க வேண்டும், பாதுகாப்புக்காக. கணினிப் பிரிவின் மஞ்சுநாத் வந்து அவள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அழித்தார். அத்திப்பள்ளியைச் சேர்ந்த கன்னடக்காரர், நல்ல மனிதர்தான். "இத மட்டும் விட்டுடுப்பா" என்று கெஞ்சினாள். "ஆகல்லா மேடம்" என்றார்.

"யாக்கெ ஆகல்லா? ஏன் ஆகாது? என் கையப் பாரு."

"பாலிஸி மேடம். டிக்கெட் போடுங்க."

டிக்கெட் போட்டாள். கணினிப் பிரிவுக்கான அந்த முறையீட்டில் எனக்கும் நகல் போட்டிருந்தாள். 'காரணம் போதவில்லை' என்று திரும்பியது. மருத்துவச் சான்றை இணைத்தாள். 'தொடர்புடைய துறைக்கு அனுப்பப்பட்டது' என்றது. எந்தத் துறை என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. கோப்பு தேடும் மென்பொருளை அவளாகவே விட்டுக்கொடுத்து, மற்ற இரண்டை மட்டும் கேட்டுப் பார்த்தாள். அதற்கும் 'பரிசீலனையில் உள்ளது'.

அவள் திணறுவதைப் பார்க்க முடியாமல், "கொடு, உன் ரிப்போர்ட்ட நான் அடிச்சித் தரேன்" என்றேன். முகம் சிவந்துவிட்டது. "நீ வராத அன்னிக்கி நான் யாருகிட்ட போயி நிக்கிறது? எனக்கு ஆளு வேணாம் சுமதி. அந்த ரெண்டு சாஃப்ட்வேர் வேணும். அவ்ளோதான் கேக்கறேன்" என்றாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அறிக்கைகள் தாமதமானதும் மேலாளர் கூப்பிட்டார். நானும் உடன் போனேன். "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, ட்ரெயினிங் ஹாலுக்கு மாத்திடலாம். அங்க டைப்பிங் இல்ல" என்றார், பரிவோடுதான். ரெஹானா நின்றபடியே சொன்னாள்: "சார், நாளைக்கி ஒரு நாள் உங்க வலது கைய பாக்கெட்டுல வெச்சிக்கிட்டு இந்த ரிப்போர்ட்ட அடிச்சிப் பாருங்க. சாயங்காலம் நீங்க என்ன சொல்றீங்களோ அத நான் கேட்டுக்கறேன்." அவர் சிரித்து, "மேல பேசறேம்மா" என்றார். அடுத்த வாரம் அவளைப் பயிற்சிக்கூடத்துக்கு மாற்றினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தொப்பியும் கையுறையும் எடுத்துக் கொடுக்கும் வேலை. பகுப்பாய்வில் எங்கள் பிரிவிலேயே கூர்மையானவள் அங்கே உட்கார்ந்து கையுறை கொடுத்தாள். டிக்கெட்டை மட்டும் அவள் கைவிடவில்லை. பதில் வராதபோதெல்லாம் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டேயிருந்தாள்.

அடக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று எனக்கொரு மின்னஞ்சல் வந்திருந்தது. 'விண்ணப்பதாரர் தற்போது பணியில் இல்லாததால் இக்கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது.' கீழே இன்னொரு வரி: 'எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தி அளித்ததா?' பக்கத்தில் ஐந்து நட்சத்திரங்கள். யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. அதை எழுதியது மனிதர் அல்ல.

கேன்டீனில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மேலாளர் பேசும்போது, "எவ்வளவு சோதனை வந்தாலும் பொறுமையா இருந்தவங்க" என்றார். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, அந்த மின்னஞ்சலைப் போனில் எடுத்து, நட்சத்திரம் வரைக்கும் படித்தேன். "அவ பொறுமையா இல்ல சார். கேட்டுக்கிட்டே இருந்தா. நாமதான் பொறுமையா இருந்தோம்" என்றேன். மேலாளர் தலை குனிந்திருந்தார்.

கூட்டம் கலைந்தபின் மஞ்சுநாத் வந்தார். "மேலே அனுப்பிக்கிட்டேதான் இருந்தேன் மேடம். அங்க யாரும் தொறந்துகூட பாக்கலே" என்றார். கண் கலங்கியிருந்தது. "ட்ரெயினிங் முடிஞ்சி உங்க பிரிவுக்கு ஒரு புது ஆள் வர்றாரு. அவருக்கும் ஒரு கை சரியில்ல. நீங்க ஒரு டிக்கெட் போடுங்க. என் பேரையும் சேத்துப் போடுங்க." ரெஹானா கேட்ட அதே இரண்டையும் கேட்டுப் போட்டேன். எங்கள் பிரிவில் பலர் தங்கள் பெயரையும் சேர்த்தார்கள். நேற்று பதில் வந்தது: காப்பி செய்ததை நினைவில் வைக்கும் மென்பொருளுக்கு அனுமதி, மற்றது 'பரிசீலனையில் உள்ளது'. சந்தோஷப்படச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. ஒரு பெண் உயிரோடு இருக்கும்போது பல மாதம் கேட்டும் கொடுக்காததைக் கொடுப்பதில் எந்தச் சிரமமும் இல்லை என்று இப்போது காட்டியிருக்கிறார்கள்.

நல்லவர்கள் இறந்தால் அவர்களுடைய அன்பை, புன்னகையை நெஞ்சில் வைத்திருக்கிறேன் என்று சொல்வார்கள். ரெஹானாவிடம் இரண்டும் நிறைய இருந்தன. அவற்றைச் சலீம் பாயும் பிள்ளைகளும் வைத்துக்கொள்ளட்டும். நான் அவளுடைய எரிச்சலை எடுத்துக்கொள்கிறேன். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலுக்கு, எந்தத் துறை, யார் பரிசீலிக்கிறார், எப்போது முடிப்பார் என்று இன்று காலை எழுதிக் கேட்டிருக்கிறேன்.