எச்சில் இலை நெருப்பு

சாப்பாட்டுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் தொட்டிகளைப் பராமரிக்கிறவனுக்கு பஸ்ஸில் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் வாசனை போகாத வேலையில் இருப்பவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சுத்தம்

மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம் சோதனைச்சாவடி பக்கம் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர் சரசக்கா. அவர் கணவர் பழனிச்சாமியை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரோடு சண்டை போட்டுத்தான் அக்கா கடைக்குப் பின்னால் தொட்டி வைத்தார். ஆடி அமாவாசைக்குள் ஒரு வேளைச் சோறாவது அந்த வாயுவில் வேகாவிட்டால் குழியை மூடி வாழை நட்டுவிடுவேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கிய வாயு திடீரென்று நின்றது. மூடியைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாடை. நாற்றம் தாங்காமல் அண்ணன் தினமும் பினாயில் ஊற்றியிருக்கிறார். உள்ளே இருக்கும் கிருமிகள் கழிவைத் தின்றால்தான் வாயு வரும், அவை செத்தால் அடுப்பு எரியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "ஊரே காசு குடுத்துக் கிருமியக் கொல்லுது. நீங்க ஒருத்தருதானுங்க அதுக்கு ஊடு கட்டிக் குடுக்கறீங்க."

விருந்து

தொட்டியைக் காலி செய்து, எல்லைக்கு அந்தப் பக்கம் பெருமாட்டி என்ற ஊரின் மாட்டுப் பண்ணையிலிருந்து சாணி கொண்டுவந்து கரைத்து ஊற்றினோம். வாயு திரும்பியது. அந்தச் சந்தோஷத்தில் சரசக்கா ஒரு வளைகாப்பு விருந்தில் மிஞ்சிய சாம்பார், ரசம், புளித்த மோர், எலுமிச்சைத் தோல் எல்லாவற்றையும் ஒரே நாளில் உள்ளே தள்ளிவிட்டார். நிறையப் போட்டால் நிறைய எரியும் என்பது அவர் கணக்கு. வாயு வந்தது, ஆனால் தீக்குச்சியைக் காட்டினால் அணைந்தது. உள்ளே எல்லாம் புளித்துப் போயிருந்தது.

சில நாள் எதுவும் போடாமல் விட்டு, மறுபடி சாணி கரைத்து ஊற்றச் சொன்னேன். பிறகு கழிவைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் கலந்து, கொஞ்சமாக, தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்றேன். அக்கா தலையாட்டிக்கொண்டே சொன்னார்: "அப்ப இது தொட்டி இல்லீங்க தம்பி, பேறுகாலத்துக்கு வந்த மக. வயிறு பாத்துத்தான் சோறு போடோணும்."

அமாவாசை

அமாவாசையன்று காலை போய்ப் பார்த்தேன். வாயு நிறைந்து தொட்டியின் மிதக்கும் மூடி நன்றாக மேலேறியிருந்தது. அக்கா வாயு அடுப்பில் பானையைத் தூக்கி வைத்தார். அண்ணன் தடுத்தார். "எச்சில் எலையில வந்த நெருப்புலயா எங்கப்பனுக்குப் படையல்?"

"காலையில ஆத்துல தலை முழுகிட்டு வந்தீங்களே, அந்தத் தண்ணியில மேல எத்தன ஊரு கால் கழுவுச்சுன்னு கேட்டீங்களா?" என்றார் அக்கா.

அண்ணன் வெளியே விறகடுப்பு மூட்டப் போனார். ஆடிச் சாரலில் விறகெல்லாம் ஈரம். புகைதான் வந்தது. உச்சிப்பொழுது நெருங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர், யார் முகத்தையும் பார்க்காமல், தானே வால்வைத் திருகிப் பற்ற வைத்தார். நீலமாக எரிந்தது. சோறு பொங்கியது.

இலையில் வைத்து ஓட்டின் மேல் போட்டுவிட்டு மூன்று பேரும் அண்ணாந்து நின்றோம். சரசக்கா முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு காக்கை வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, கொத்தத் தொடங்கியது. அண்ணன் கையை உதறிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"காக்கா ஒண்ணும் கேக்கலீங்க தம்பி. குழி இருந்துட்டுப் போகட்டும்."

எங்கள் தொழிலில் தொட்டியைச் சரிசெய்யச் சாணி போதும், வீட்டுக்காரரைச் சரிசெய்யத்தான் மேலிருந்து யாராவது வர வேண்டியிருக்கிறது.