எங்கட தீவின் கவர்னரைத் தேடி எங்கடினுக்கு

போன சனிக்கிழமை மகள் ஆரபியுடன், சுவிஸ் மலைப் பள்ளத்தாக்கான எங்கடினுக்குப் போனேன். பனியில் சறுக்கி விளையாட அல்ல. எனக்குச் சமதரையிலேயே கால் வழுக்கும். திங்கட்கிழமை அவளுக்கு வகுப்பில் வோர்ட்ராக், அதாவது எல்லோர் முன்னாலும் நின்று பேச வேண்டும். தலைப்பு: இலங்கையை ஆண்ட ஒரு வெள்ளைக்காரக் கவர்னர். அந்தத் தலைப்பை எடுத்துக் கொடுத்த அறிஞர் நான்தான்.

சுவிஸுக்கு வந்த புதிதில் அங்கே சமேடான் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். கூட வேலை செய்த ஒருவர் ஊர்ச் சவக்காலையில் ஒரு கல்லறைக் கல்லைக் காட்டி, "இந்த இங்கிலீஷ் பட்டாளத்தார் ஒரு இன்செலின் கவர்னர்" என்றார். இன்செல் என்றால் தீவு. எனக்குத் தெரிந்த தீவு ஒன்றுதான்.

நாங்கள் இருக்கும் வின்டர்தூரில் காலை ஏழு மணிக்கு ஏறினோம். சூரிச்சிலும் கூரிலும் மாறி, சமேடான் போக நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுக்கும். பாதிவிலை அட்டை இருந்தால் போக வர எண்பது ஃபிராங் சொச்சம். மகளுக்குப் பதினைந்து வயது. ஜூனியர் கார்ட் இருப்பதால் என்னோடு வந்தால் இலவசம். நான் எந்த ரயிலிலும் கதவோரம் நிற்கிற ஆள்.

"காசு குடுத்தனீங்கள்தானே, சீற்றில இருங்கோவன் அப்பா."

"நான் இருந்தால் ரயில் ஓடாது பிள்ளை."

கல்லை ஆரபிதான் வாசித்தாள். ஆட்லறிப் படையில் கப்டன். பிறகு கரிபியன் கடலில் ஒரு சின்னத் தீவுக்குக் கவர்னர். நெஞ்சுநோய் மாற இந்த மலைக்கு வந்து, மாறாமலே இறந்திருக்கிறார். இலங்கைப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

"அப்பா! உலகத்தில எங்கட தீவு மட்டுமோ தீவு?"

"அதுவும் கடலுக்குள்ளதானே இருக்கு. கொஞ்சம் தள்ளி."

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. திங்களுக்குப் பேச ஒன்றுமில்லை. மனைவிக்குப் போன் எடுத்தேன். "உங்கட கதையை நம்பி நான் கெட்டது காணாதெண்டு பிள்ளையுமோ?" என்று போனை வைத்துவிட்டா.

திரும்பும் ரயிலில் ஆரபி கேட்டாள்: "ஆட்லறிக்காரன் எப்பிடிக் கவர்னரா வாறது?"

"ஆமிக்காரர் கவர்னரா வாறது எங்கட வடமாகாணத்து ஆக்களுக்குப் புதினமோ?"

"ஆட்லறி எண்டால் என்ன? பெரிய துவக்கோ?"

கதவோரம் நின்ற நான் கழிவறைக்கென்று திரும்பினேன்.

"இருங்கோ அப்பா."

அவளுக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்தேன். பிரேடா ஸ்டேசனிலிருந்து பெர்க்யூன் வரை ரயில் மலைக்குள் சுற்றிச் சுற்றி இறங்கும். குகைக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருக்கும். அந்த இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வர, சொன்னேன். ஆட்லறி என்றால் தூரத்தில் நின்று குண்டடிக்கிற பீரங்கி. முதலில் தூரத்தில் டும் என்று ஒரு குத்து. பிறகு குண்டு வந்து விழும்வரை ஒரு சத்தமும் இல்லை. அந்த இடைவெளிக்குள் முற்றத்துப் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், ஓடிவிட வேண்டும். வாசலுக்குக் கிட்ட இருக்கிறவன் முதலில் பங்கருக்குப் போய்ச் சேருவான். ஊரில் எங்கள் வீட்டில் நான்தான் வாசலோரம்.

அவள் பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். பிறகு, "இதைத் திங்கள் கதைக்கட்டோ?"

"ஓம்."

திங்கட்கிழமை பேசினாள். முதல் பாதி, குண்டு போட்டவர் கவர்னரான கதை. மறுபாதி, குண்டு விழுந்த இடத்துக் கதை.

போகிறவர்களுக்கு: கோடையிலும் தடித்த ஜாக்கெட் கொண்டு போங்கள். சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள்; மேலே தேத்தண்ணி விலை கேட்டாலே குளிரும். குகை வளைவுகளில் பெர்க்யூன் தேவாலயம் பலமுறை தெரியும்; கதவோரம் நின்றால் பாதியும் தெரியாது. நான் பெர்க்யூன் வரை சீற்றில் இருந்தே வந்தேன். ரயில் ஓடத்தான் செய்தது.