ரேலீனின் ஏழு டின்கள்

நிமோனியாவை இரண்டு தடவை ஜெயித்தவள். ஆஸ்திரேலியாவில் எங்கள் டார்லிங் ஆறு கரையை உடைத்த ஆண்டு, ஒரு தகரப் படகில் நாற்பத்தொரு செம்மறி ஆடுகளை மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவள். பெண் யாராவது ரோமம் வெட்டும் கொட்டகையை நெருங்கினாலே “குளத்துல வாத்து!” என்று கத்தி ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்ட ஆண்களுக்கு நடுவே பதினாறு வயதில் நுழைந்து, முப்பத்து மூன்று ஆண்டுகள் நிலைத்தவள். ரோமத்தைத் தொட்டே தரம் சொல்லும் போட்டியில், மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசான நீல நாடா நான்கு. ஐந்தாவதும் கிடைத்திருக்க வேண்டும், நடுவர் கையுறை போட்டிருந்தார் என்கிறாள். இவள் என் தங்கை ரேலீன்.

வெட்டிய ரோமத்தை மேசைமேல் விரித்ததும் அதிலிருந்து ஒரு சிறு கற்றையைப் பிடுங்குவாள். இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து, காதருகே கொண்டுபோய், விரலால் சுண்டுவாள். கணீரென்று கேட்டால் நல்ல ரோமம். சரசரவென்று கேட்டால் நடுவில் அறுந்துபோகும். “ஏப்ரல்ல பட்டினி கிடந்திருக்கு, பாவம்” என்பாள். மேலாளரின் குறிப்பைப் புரட்டினால் அந்த ஆடுகள் ஏப்ரலில்தான் காய்ந்த மேய்ச்சலில் நின்றிருக்கும்.

எழுத்து மட்டும் அவளுக்கு வரவில்லை. அப்பா கொட்டகை கொட்டகையாகப் போய் ஆட்டு ரோமம் வெட்டியவர். ஆறு ஆண்டுகளில் பதினோரு பள்ளிகள். நான் நான்கு வயது மூத்தவன், ஊர் சுற்றத் தொடங்கும் முன்பே வாசிக்கக் கற்றுவிட்டேன். அவள் ஒவ்வொரு பள்ளியிலும் கடைசி வரிசையில் சில மாதம் உட்கார்ந்திருப்பாள். பிறகு லாரி கிளம்பிவிடும். அதனால் கையெழுத்து வேண்டிய இடமெல்லாம் ஒரு பெருக்கல் குறி போடுவாள், கல்யாணப் பதிவேடு உட்பட. பக்கத்தில் ‘இது ரேலீன் பாஸ்கோவின் குறி’ என்று நான் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் போடுவேன். என் எழுத்து நன்றாக இருக்கும். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் கொட்டகையில் தரம் பிரிப்பவர் கிளாரி. போன வசந்தத்தில் தேநீர் வேளையில் அவர் சொன்னார்.

“அடுத்த வருஷத்தோட நான் கிளம்பறேன் ரேலீன். எடம் உன்னோடதுதான். ஆனா தரம் பிரிக்கிற படிப்புல நீ சேரணும். விண்ணப்பத்த உன் கையாலயே நிரப்பி, அரைப் பக்கம் எழுதி, கையெழுத்துப் போடணும். இல்லேன்னா டவுன்லேர்ந்து எவனாவது வருவான்.”

“என் கைக்குத்தான் எல்லாம் தெரியுமே?”

“ரோமப் பொதியோட உன் கையா போகப்போகுது? பேப்பர்தான் போகும்.”

டவுன் நூலகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு. முதல் நாள் ஆசிரியை ஜானிஸ், “ஏதாவது ஒரு வார்த்தை தெரியுமா?” என்று கேட்டிருக்கிறாள். ரேலீன் சுண்ணக்கட்டியை எடுத்து ‘ரன்’ என்று எழுதினாளாம். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. கொட்டகையில் எங்கள் நாளுக்கு நான்கு பகுதிகள், பகுதிக்கு இரண்டு மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் பெயர் ரன். யார் எத்தனை ஆட்டுக்கு ரோமம் வெட்டினார்கள் என்று அந்தச் சொல்லின் கீழேதான் கரும்பலகையில் குறிப்போம். முப்பத்து மூன்று ஆண்டுகளாக அவள் பார்த்த சொல்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்தாள். பேப்பரில், விதை மூட்டையில், குழாய்ச் சாமான் அட்டையில். எங்கேயும் இருந்தது, ஆனால் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேலை. நாய் ஓடினால் ரன். குழாயில் தண்ணீர் வந்தாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன். வேலி ஓடைவரை நீண்டால், ஒருத்தி கடை நடத்தினால், பஸ் தாமதமானால், சர்க்கரை தீர்ந்துபோனால், ஒருவர் கவுன்சில் தேர்தலில் இறங்கினால், துவைத்த சட்டையில் சாயம் இறங்கினால், எல்லாவற்றுக்கும் அதுதான். நான் சுற்றியிருந்த சொற்களை வாசித்துக் காட்டினேன்.

“இத்தனூண்டு வார்த்தைய இவ்வளவு வேல வாங்குறாங்களே, அதுக்குச் சங்கம் கிங்கம் ஒண்ணும் கிடையாதா?” என்றாள்.

பிறகு அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். தரம் பிரித்தாள். அந்தச் சொல் வரும் வரிகளைக் கத்தரித்து, ஜன்னலோரம் ஏழு பழைய சர்க்கரைப்பாகு டின்களை அடுக்கி, ஒவ்வொரு வரியாகப் போட்டாள். கால்களால் போவது ஒரு டின். வடிவது ஒன்று. நீள்வது, நடத்துவது, இயந்திரம் வேலை செய்வது, தீர்ந்துபோவது. ஏழாவது எதிலும் சேராத உதிரி; கொட்டகையிலும் அப்படி ஒரு தொட்டி உண்டு.

ரோமம் வெட்டும் டாஸா சும்மா இருப்பானா? “ரேலீன், என் மூக்கு ஒழுகுது. நான் எந்த டின்னு?”

“வடியுற டின்னு. மூஞ்சியோட உள்ள போயிடு.”

ஒரு வரியைச் சரியான டின்னில் சேர்க்க வேண்டுமானால் பக்கத்துச் சொல்லையும் படிக்க வேண்டும். “இது தனியா நின்னா ஒண்ணும் தெரியாது கெவ். கூட யாரு நிக்கிறாங்கன்னு பாரு” என்று என்னிடம் சொல்வாள். அப்படித்தான் குழாய், வேலி, கடை, பஸ், சர்க்கரை என்று ஒவ்வொன்றாகப் பழகினாள். மே மாதம் நான் ஜன்னலைத் துடைக்கப்போய் டின்களை வரிசை மாற்றி வைத்துவிட்டேன். மூன்று நாள் என்னுடன் பேசவில்லை. நான்காம் நாள், ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டிவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தேன்.

“வெச்சிடு அத.”

ஏழு பெயர்களையும் அவளே எழுதினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று. ஆட்டிறைச்சி அடுப்பில் கருகிவிட்டது. கருகியதையே சாப்பிட்டோம்.

இந்த வசந்தத்தில் ரோம வெட்டு முடிந்த நாள், விண்ணப்பத்தை எடுத்துப்போக வேண்டிய பொதி லாரி பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவதாக இருந்தது. அதைவிட்டால் கடைசித் தேதி கடந்துவிடும். தரம் பிரிக்கும் மேசையிலேயே காகிதத்தை விரித்து ரேலீன் எழுதினாள். எனக்கு அது பத்து வரி. அவளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். முதல் வரி மட்டும் தலைகீழாக என் கண்ணில் பட்டது: ‘நான் ரோமத்தை முதலில் கேட்பேன், பிறகுதான் பார்ப்பேன்.’

டிரைவர் வெளியே ஹார்ன் அடித்தான். “இருய்யா, ஆடா ஓடிப்போகுது!” என்று கிளாரி கத்தினார். கையெழுத்துக்கான கோட்டில் ரேலீனின் பேனா நின்றுவிட்டது. என் கை பழக்கத்தில் தானாக நீண்டது.

அவள் நிமிராமலே சொன்னாள்: “இன்னிக்கு நீ சாட்சி இல்ல கெவ். அண்ணன். அந்தப் பக்கம் போய் நில்லு.”

போய் நின்றேன்.

தன் முழுப் பெயரையும் எழுதி முடித்தாள். காகிதத்தைத் தூக்கி, இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து, காதருகே கொண்டுபோய், விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். பிறகு கிளாரியிடம் நீட்டினாள். பெயருக்குக் கீழே தேதியையும் அவளே எழுதியிருந்தாள்: 2018 செப்டம்பர் 13.