பதினோராம் கொட்டகையின் நீலக் காகிதம்

ஸெய்னொல்லா அண்ணன் கிடங்குக் கொட்டகையின் கதவைத் திறந்த உடனே உள்ளே போகமாட்டார். வாசலில் நின்று நீளமாக மூச்சை இழுப்பார். முப்பத்திரண்டு வருடப் பட்டாள வாழ்க்கையில் எதிரி மேல் ஒரு குண்டுகூட அவர் சுட்டதில்லை. குண்டுகள் தாமாக வெடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. பீரங்கிக் குண்டைத் தள்ளும் மருந்து பழசானால் புளித்த நெடி வரும், சூடேறும், அப்புறம் யாரும் வந்து பற்றவைக்க வேண்டியதில்லை.

ஆடு மேய்க்கிற குடும்பத்துப் பிள்ளை. சோவியத் காலத்தில் ரஷ்யாவுக்குப் போய் வெடிமருந்துப் படிப்பு முடித்து வந்தார். நாடு உடைந்த சமயம் ஜெர்மனியிலிருந்து சோவியத் படைகளோடு திரும்பிய ரயில்கள் எங்கள் கரஷெங்கெல் புல்வெளியில் குண்டுகளைக் கொட்டிவிட்டுப் போயின. கூடப் படித்தவர்கள் எண்ணெய்க் கம்பெனிகளில் சேர்ந்து தொந்தி வளர்த்தார்கள். இவர் அந்தப் பெட்டிகளோடு உட்கார்ந்துவிட்டார். லெப்டினன்ட் கர்னல் ஆனதோடு சரி, அதற்கு மேல் யாரும் ஏற்றவில்லை. வருகிற தளபதியிடமெல்லாம் "இதை எரிச்சு அழிக்கணும்" என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தால் யார் ஏற்றுவார்கள்?

நான் சகிந்திக். அவருக்குக் கீழே பதினெட்டு வருடம் கிடங்கு சார்ஜண்ட்.

ஒவ்வொரு மருந்துப் பெட்டிக்குள்ளும் அவர் ஒரு நீல லிட்மஸ் காகிதம் வைப்பார். ஓரத்தில் பென்சிலால் தேதி போடுவார். மருந்து கெட ஆரம்பித்தால் காகிதம் சிவக்கும். எத்தனை நாளில் சிவக்கிறதோ அதை வைத்து எந்தக் கொட்டகையை முதலில் காலி செய்வது என்று முடிவெடுப்பார்.

"உன் வயித்துல ஒண்ணு வெச்சா அரை மணியில சிவந்துடும்டா" என்பார் என்னிடம்.

"வோட்காவுல முக்குனா நீலமாவே இருக்கும் அண்ணே" என்பேன்.

மாலையில் அவர் வீட்டில்தான் எனக்குத் தேநீர். அவர் மனைவி ரப்பிகா அண்ணி கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாக ஊற்றுவார், குடிக்கக் குடிக்க வாங்கி வாங்கி ஊற்றுவார். கிண்ணம் நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். பதினெட்டு வருடத்தில் என் கிண்ணம் அங்கே ஒரு தடவைகூட நிறைந்ததில்லை.

அந்த வருடம் மார்ச்சில் புதுக் காகிதம் வைத்துவிட்டு, சிறுநீரகக் கல்லுக்காக அண்ணன் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தார். தலைநகரத்திலிருந்து சோதனைக் குழு வருவதாகச் செய்தி வந்தது. தளபதி என்னைக் கூப்பிட்டார்.

"விருந்தாளிங்க வர்றாங்க. ஆடு அறுத்தாச்சு. அவங்க கண்ணுல சிவப்பு கிவப்பு படக் கூடாது, புரியுதா?"

புரிந்தது. வீட்டுக்கு ஆள் வந்தால் கிழிந்த விரிப்பை மடித்து ஒளிக்கிற ஜனம் நாங்கள். விருந்தாளி முன்னால் தலைகுனிவதைவிடச் சாவதே மேல் என்று வளர்ந்தவன் நான். பதினோராம் கொட்டகையைத் திறந்தபோது எல்லாக் காகிதமும் சிவந்திருந்தது, இருபது நாளில். எடுத்துவிட்டுப் புது நீலக் காகிதம் வைத்தேன். ஓரத்தில் அண்ணனின் கையெழுத்து மாதிரியே மார்ச் தேதியும் போட்டேன். வந்தவர்கள் பெரிய விருந்தாளிக்கென்று நாங்கள் வைக்கும் ஆட்டுத்தலையைக் கௌரவமாக வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுப் போனார்கள்.

அண்ணன் திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சொன்னால் வேலை போகும், குடியிருக்கிற பட்டாள வீடும் போகும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன், காகிதம் சிவக்கச் சிவக்க அதே மார்ச் தேதி போட்டு மாற்றியும் வைத்தேன். அவர் நீலத்தைப் பார்த்து, அழிக்க வேண்டிய வரிசையில் பதினோராம் கொட்டகையைக் கடைசியில் போட்டார்.

ஜூன் வந்தது. தகரக் கூரையைத் தொட முடியாத வெயில். ஒருநாள் காலை பதினோராம் கொட்டகை வாசலில் மூச்சை இழுத்தவர் அசையாமல் நின்றார்.

"சகிந்திக், புளிப்பு அடிக்கல?"

எனக்கும் அடித்தது.

"இல்லையே அண்ணே."

அவர் உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரம் லேசாகச் சிவந்திருந்தது.

"இது நான் மார்ச்சுல வெச்சதுதானே?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் பாவி.

"நீங்க வெச்சதுதான் அண்ணே. உங்க எழுத்துதானே."

"மூணு மாசத்துக்கு இது பரவால்ல. அப்போ எனக்குத்தான் மூக்கு கெட்டுப்போச்சு போல. வயசாச்சுடா" என்று சிரித்தார்.

மறுநாள் நண்பகல், மனசு கேட்காமல் மறுபடியும் அங்கே போனார். நான் கிடங்கு வளாகத்தின் வெளிவாசலில் இருந்தேன். அவர் கதவைத் திறப்பது தெரிந்தது. வாசலில் நின்றார், மூச்சை இழுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் வீசி ஓடு, ஓடு என்றார். நான் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த நொடி முதுகில் சூட்டோடு காற்று அறைந்து என்னைக் கீழே தள்ளியது.

கடும் வெப்பமே காரணம் என்று விசாரணையில் எழுதினார்கள். என்னைக் கேட்டார்கள். நானும் வெப்பம் என்றேன்.

நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு இறந்தவரின் பொருட்களை வேண்டியவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுப்பதை மறுக்கக் கூடாது. ரப்பிகா அண்ணி எனக்கென்று எடுத்து வைத்திருந்தது ஒரு தகர டப்பா. உள்ளே மிச்சமிருந்த நீலக் காகிதங்களும் ஒரு துண்டு பென்சிலும்.

"கடைசி ராத்திரி முழுக்க அதையேதான் சொல்லிட்டிருந்தாரு, மூக்கு போயிடுச்சு, இனி வேலைக்கு லாயக்கில்லன்னு. நெசமாவே கெட்டுப்போச்சா தம்பி? நீதானே கூட இருந்தே."

டப்பாவை மூடிக் கீழே வைத்தேன்.

"கெடல அண்ணி" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு அறுத்ததிலிருந்து, தேதி போட்டதிலிருந்து, எனக்கும் நெடி அடித்தது வரை.

அண்ணி என் கிண்ணத்தை வாங்கினார். தேநீரை விளிம்பு வரை நிறைய ஊற்றி என் முன்னால் வைத்தார்.