கல்கத்தா பலூன் முதல் பிறந்தநாள் பலூன் வரை

பெரியப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது பெரியம்மா ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: "அழுது வடியாம எழுதுடி. அந்த மனுஷன் ஒரு நாளும் அழுமூஞ்சியா இருந்ததில்ல." பெரியப்பாவைப் பற்றி எழுதினால் பலூனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. பலூனைப் பற்றிச் சோர்ந்த குரலில் எழுத எனக்கும் வராது.

பெரியப்பா பிறந்தது ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில். உடன்பிறந்தோரில் அவரே மூத்தவர். என் அப்பா கடைசி. தாத்தா இளம் வயதிலேயே மறைந்ததால் பெரியப்பாவின் படிப்பு பாதியில் நின்றது. அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. படையில் சேர்ந்தால் வீட்டில் அடுப்பெரியும் என்று சேர்ந்தார். கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் கையில் துப்பாக்கி தரவில்லை. ஒரு பலூனை ஒப்படைத்தார்கள்.

வீட்டைவிடப் பெரிய, மீன் வடிவப் பலூன். நீண்ட எஃகு வடத்தில் கட்டி நகரத்துக்கு மேலே நிறுத்துவார்கள். எதிரி விமானம் தாழப் பறந்து வந்தால் அந்த வடத்தில் இறக்கை சிக்கும். விமானிக்குப் பலூன் தெரியும், வடம் தெரியாது. வடம் சுற்றும் வின்ச் பெரியப்பாவின் பொறுப்பு. எதிரி விமானம் என்றால் ஏற்ற வேண்டும். நம் விமானம் என்றால் உடனே இறக்க வேண்டும். இந்த இரண்டு கட்டளைகளும் அவருடைய கைகளில் கடைசிவரை தங்கிவிட்டன.

போர் முடிந்ததும் மைசூர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் ஆனார். தங்கைகளுக்குத் திருமணம் செய்துவைத்தார். என் அப்பாவைப் படிக்க வைத்தார். அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றல் வந்ததால், பிள்ளைகள் இல்லாத அவர் வீட்டில்தான் நான் வளர்ந்தேன். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்து, இன்று நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மற்ற பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு கதை கிடைக்கும். எனக்குப் பலூன் வரலாறு கிடைத்தது. மனிதன் ஏறுவதற்கு முன்னால் பிரான்சில் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் ஆகிய மூன்றும் கூடையில் வானம் பார்த்துவிட்டு வந்த கதை. முதல் உலகப் போரில் வீரர்கள் பலூன் கூடையில் நின்றபடி எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது என்று தொலைபேசியில் கீழே சொன்ன விதம். தினந்தோறும் காற்றின் போக்கை அறிய வானிலைக்காரர்கள் பலூன் விடுவது. இவ்வளவும் ரசம் சாதத்துக்குள் அடங்கிவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பிறகு, தேவராஜ அர்ஸ் ரோட்டில் ஒரு புதிய ஜவுளிக்கடை திறக்கவிருந்தது. அதன் உரிமையாளர் பம்பாயிலிருந்து ஒரு பெரிய விளம்பரப் பலூனை வரவழைத்திருந்தார். அதை ஏற்றத் தெரிந்தவர் யாரும் ஊரில் இல்லை. செய்தி காதில் விழுந்த மறுநாள் காலையே பெரியப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"எழுபது வயசுல பலூனாம், பலூன்!" என்றார் பெரியம்மா. "பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டுமே. பலூனைப் பாத்தா சிரிக்கத்தான் வேணும்."

திறப்பு விழா ஒழுங்காக நடந்தால், தசரா முடியும்வரை ஒரு மாதம் பலூன் அவர் பொறுப்பு என்று பேச்சு. பெரியப்பா இரவு பகலாகக் கனவு கண்டது அந்தத் தசரா மாதத்தைத்தான். கிணற்று உருளையையும் பழைய இரும்பையும் வைத்து ஒரு கைவின்ச் செய்தார். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். சரிபார்க்க வேண்டியவற்றையும் எழுதினேன்: கயிறு, முளை, சிலிண்டர் சாவி, வால்வு, பக்கத்தில் பீடி பிடிப்பவர்கள். அவர் ஒன்றைச் சேர்த்தார்: "கற்பூரம். பூஜையெல்லாம் உள்ளயே முடிச்சிடச் சொல்லு."

திறப்பு விழா அன்று காலை பலூன் எழும்பியபோது சாலையே அண்ணாந்து பார்த்தது. ஆட்டோக்கள் நின்றன. பெரியப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. வின்ச்சின் ஒரு கைப்பிடியில் அவர், மறு கைப்பிடியில் நான். சிறப்பு விருந்தினர் கத்தரிக்கோலை எடுத்தார். அந்த நேரம் பார்த்து, சாமுண்டி மலைப் பக்கமிருந்து ஒரு ஹெலிகாப்டர் சத்தம். யாரோ ஓர் அமைச்சரின் வருகை.

"நம்ம விமானம்!" என்று கத்தினார் பெரியப்பா. "இறக்கு! இறக்கு!"

ஏன் என்று நான் கேட்கவில்லை. இருவரும் சுற்றினோம். பலூன் கடைப் பெயர்ப்பலகையை மூடி, ரிப்பனை அழுத்தி, விருந்தினரின் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தது. உள்ளே முடித்திருக்க வேண்டிய ஆரத்தியை அர்ச்சகர் அப்போதுதான் வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார். "சாமி, கற்பூரத்தை அணைங்க!" என்று பெரியப்பா போட்ட சத்தத்தில் அர்ச்சகர் தட்டைத் தாம்பாளத்தால் மூடிக்கொண்டு உள்ளே ஓடினார். ஹெலிகாப்டர் வெகு உயரத்தில், எங்களைக் கவனிக்காமலேயே போய்விட்டது.

"ஏன்ரீ இது?" என்ன இது என்று கன்னடத்தில் அதட்டிய உரிமையாளர் தமிழுக்கு மாறினார். "மேலே இருக்கணும்னுதானே கூப்பிட்டேன்!"

"கயிறு அவங்க கண்ணுக்குத் தெரியாதுங்க."

"அது எங்கேயோ போகுது! இது எங்கேயோ இருக்கு!"

"விமானம் ஓட்டறவங்களும் அப்படித்தாங்க நெனைப்பாங்க," என்றார் பெரியப்பா, பணிவாக.

இதற்குள் தெருவிலிருந்த குழந்தைகள் எல்லாம் பலூனைச் சூழ்ந்துவிட்டார்கள். வானத்தில் இருந்தது கைக்கெட்டும் இடத்துக்கு வந்தால் யார் விடுவார்கள்? "தாத்தா, தொடலாமா?" "தாத்தா, இது என்னைத் தூக்குமா?" பெரியப்பா முதலில் சுற்றிலும் நெருப்பு இல்லை என்று உறுதி செய்தார். பிறகு கயிற்றைப் பிடித்தபடியே ஆடு, வாத்து, சேவல் கதையை ஆரம்பித்துவிட்டார். வாத்து மேலே என்ன நினைத்திருக்கும் என்று ஒரு சிறுமி கேட்டாள். "அதுக்கு ஏற்கெனவே பறக்கத் தெரியும்மா. 'இதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்'னு நெனைச்சிருக்கும்."

உரிமையாளர் அன்று மதியமே முடிவைச் சொல்லிவிட்டார்: நாளையிலிருந்து வர வேண்டாம். வின்ச்சைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு நடந்து வந்தோம். பெரியப்பா ஒரே ஒரு முறைதான் பேசினார்: "இத்தனை வருஷம் கழிச்சு ஒரு பலூன் கிடைச்சுது. அரை நாள்தான்." அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வீட்டு வாசலில் ஒரு பெண்மணி தன் மகனுடன் காத்திருந்தார். கடை வாசலில் கதை கேட்ட சிறுவன்; கடைப் பையனிடம் விசாரித்து வழி கண்டுபிடித்து வந்திருக்கிறார்கள்.

"அங்கிள், ஞாயித்துக்கெழமை இவனுக்கு பர்த்டே. பலூன் கட்டித் தந்து, அந்த வாத்துக் கதையும் சொல்வீங்களா? காலையிலேருந்து பிராணனை வாங்கறான்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். "என்னை என்ன பாக்கறீங்க?" என்றார் பெரியம்மா. "போய் கட்டிக் குடுங்க. அங்கயாவது விமானம் வராது."

அந்த ஞாயிறு சரஸ்வதிபுரத்தில் தொடங்கியது. அடுத்து குவெம்புநகர், ஜெயலட்சுமிபுரம், ஒரு முறை ஸ்ரீரங்கப்பட்டணம் வரை. மெழுகுவத்தி எரியும் இடத்தில் ஹைட்ரஜன் கூடவே கூடாது என்பது அவர் சட்டம். எல்லாமே கைப்பம்பால் அடித்த சாதாரணக் காற்று. ஆனால் ஒவ்வொரு பலூனுக்கும் ஒரு வேலை உண்டு. ஒன்றில் தீப்பெட்டிக் கூடை தொங்கும். அது எதிரியை வேவு பார்க்கும் பலூன். ஒன்று வானிலைப் பலூன்; மின்விசிறியைப் போட்டால் காற்று எந்தப் பக்கம் என்று குழந்தைகள் கத்த வேண்டும். கேக் வெட்டுவதை மறந்துவிடும் வீடுகளும் இருந்தன.

பிறகு நெஞ்சுவலி வந்தது. இதயக் குழாயில் அடைப்பு என்றார் மருத்துவர். மெல்லிய குழாயின் நுனியில் ஒரு சிறிய பலூனை உள்ளே செலுத்தி, ஊதி, அடைப்பை விரித்துவிட்டு வெளியே எடுத்துவிடலாம் என்று விளக்கினார். நாங்கள் பயத்தில் உறைந்திருந்தோம். படுக்கையில் இருந்தவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குள்ளயேவா? எவ்வளவு அழுத்தம் டாக்டர்? இறக்கறது யாரு?"

"நான்தான்."

"அப்ப சரி. இறக்கத் தெரிஞ்சவங்கதான் ஏத்தணும்."

அந்தப் பலூன் அவருக்கு மேலும் இரண்டு ஆண்டுகளைத் தந்தது. அவ்வளவும் பிறந்தநாள் விழாக்களாகவே கழிந்தன. சென்ற ஆண்டு ஒரு காலை, காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழவில்லை. துன்பப்படவில்லை என்பதே எங்களுக்கு ஆறுதல்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். நேரம் பாராமல் வந்து பார்த்த மருத்துவருக்கும் செவிலியருக்கும். இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த பணிமனை நண்பர்களுக்கும். பதின்மூன்று நாளும் எங்களைச் சமைக்க விடாத அண்டை வீட்டாருக்கும். பலூன் தாத்தாவை வழியனுப்ப வந்து, மயானத்துக்குப் போகக் கூடாது என்றதால் தெருமுனையிலேயே வரிசையாக நின்ற குழந்தைகளுக்கும்.

இன்னும் ஒருவர் மிச்சம். துக்கம் விசாரிக்க வந்த அந்த ஜவுளிக்கடை உரிமையாளர், அன்று தாம் அவசரப்பட்டுவிட்டதாக வருந்தினார். ஐயா, வருந்த வேண்டாம். நீங்கள் அந்தத் தசராவைக் கொடுத்திருந்தால் பெரியப்பா ஒரு மாதம் கயிற்றடியில் தனியாக உட்கார்ந்து வானத்தைப் பார்த்திருப்பார். நீங்கள் வேண்டாம் என்றதால்தான் மைசூரின் எத்தனையோ குழந்தைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.